ஜன்னலை அடைத்தால்தான் போசைடன்: 1/144 போயிங் 737-800ஐ பி-8ஏ ஆக்குவது

பினாங்கின் பட்டர்வொர்த் விமானத் தளத்துக்கு வந்துபோகும் ஆஸ்திரேலிய பி-8ஏ போசைடன், தூரத்தில் பார்த்தால் சாதாரண போயிங் 737தான். கிட்டே வந்தால்தான் வித்தியாசம் தெரியும். பக்கவாட்டில் ஜன்னல் வரிசை கிடையாது. இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் வின்லெட்டும் கிடையாது. 'ஆப்பரேஷன் கேட்வே' என்ற பெயரில் வட இந்தியப் பெருங்கடலையும் தென்சீனக் கடலையும் கண்காணிக்க வரும் விமானம் இது. முன்பு இதே வேலையை பி-3 ஓரியன் செய்தது. நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்து மாடல் பிரியர்கள் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பயணிகள் விமான கிட்டை ராணுவ விமானமாக மாற்ற நினைத்தால், பக்கத்தூர் தளத்துக்கு வரும் இதைத் தேர்ந்தெடுப்பதுதான் நியாயம்.

ரெவெல், ஸ்வெஸ்டா இரண்டும் 1/144 அளவில் (நிஜத்தில் 144இல் ஒரு பங்கு) 737-800 கிட் போட்டிருக்கின்றன. எது கிடைத்தாலும் சரி. போசைடனின் உடல் 737-800இல் இருந்தும் இறக்கை 737-900இல் இருந்தும் வந்தவை என்று படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டு ரகத்துக்கும் இறக்கை நீளம் ஒன்றே, ஆகவே நுனியை மட்டும் மாற்றினால் கிட்டில் வரும் இறக்கையே போதும். எஞ்சின், வால், சக்கரம் எதையும் பெரிதாகத் தொட வேண்டியதில்லை.

பலரும் முதலில் கேட்பது ஆண்டெனாவைப் பற்றித்தான். அது கடைசியில் ஒரு மாலையில் முடிகிற வேலை. இந்த மாற்றத்தில் முக்கால்வாசி உழைப்பு, கிட்டில் இருப்பதை இல்லாமல் ஆக்குவதில்தான் போகிறது.

கத்தியை எடுப்பதற்கு முன் வரைபடம் வேண்டும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பி-8ஏயின் நீளம் 39.47 மீட்டர், 1/144இல் அது 274 மிமீ. ஏ4 தாளின் நீளம் 297 மிமீ. அதனால் நேர்ப் பக்கவாட்டில் எடுத்த ஒரு நல்ல படத்தைத் தேடி, மூக்கு முதல் வால் வரை சரியாக 274 மிமீ வரும்படி அளவை மாற்றி, டவுனில் எந்தப் போட்டோஸ்டாட் கடையில் அச்சடித்தாலும் மாடலின் அதே அளவில் வரைபடம் கையில் இருக்கும். கதவு, ஜன்னல், ஆண்டெனா எல்லாவற்றையும் ஸ்கேலை வைத்து நேராக எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அருகில் நின்று எடுத்த படத்தில் மூக்கு பெருத்தும் வால் சிறுத்தும் இருக்கும். தூரத்தில் இருந்து பெரிய லென்ஸில் எடுத்த படமே உதவும். கீழ்ப்பகுதிக்கு, தலைக்கு மேல் பறக்கும்போது எடுத்த படம் ஒன்றும் தேவை. எந்த நாட்டு, எந்த எண்ணுள்ள விமானத்தைச் செய்கிறீர்களோ அதன் படத்தையே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆண்டெனா அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்காது.

இனி ஜன்னல். ஜன்னல்கள் துளையாக வரும் கிட் என்றால், உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே உள்பக்கத்தில் வரிசை நெடுக 0.5 மிமீ பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு பட்டை வெட்டி ஒட்டிவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு வெளியே இருந்து அடைத்தால், தேய்க்கும்போது உடலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும். அடைத்த பொருள் வளையாது. மயிரிழை வெடிப்பு வட்டம் வட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். பட்டைக்குப் பழைய ஏடிஎம் கார்டைப் பயன்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. அது பிவிசி, கிட் பாலிஸ்டைரீன். மாடல் சிமெண்ட் என்ற பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றாக்கித்தான் பிடிக்கிறது, அதனால் பிவிசியோடு சரியாக ஒட்டாது. குளிர்பான மூடிகளில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருந்தால் அது பாலிஸ்டைரீன். அதை வெட்டிப் பயன்படுத்தலாம்.

எதை வைத்து அடைப்பது? குழாயில் வரும் ஒற்றைப் புட்டி வேண்டாம். அதிலுள்ள தின்னர் ஆவியாக ஆவியாகப் புட்டி சுருங்கும். இன்று மட்டமாகத் தேய்த்த இடம் பெயிண்ட் அடித்துச் சில வாரம் கழித்துக் குழியும். சிமெண்டில் பிளாஸ்டிக் துண்டைக் கரைத்து ஊற்றும் முறையிலும் இதே சிக்கல்தான், இன்னும் மெதுவாக வரும். இந்த வேலைக்கு நம்மூர் ஹார்டுவேர் கடை கம் காஜாவும் (சூப்பர் குளூ) குழந்தைகளுக்குப் பூசும் டால்கம் பவுடரும் போதும். ஏறக்குறைய சம அளவில் கலந்து, தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து, பல்குச்சியால் ஒவ்வொரு துளையிலும் சற்று மேடாக வையுங்கள். இது சுருங்காது. ஆனால் நேரம் முக்கியம். காய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிட அது கெட்டியாகிவிடும். அதன் பிறகு தேய்த்தால் பிளாஸ்டிக் குறையும், அடைத்த இடம் கொப்புளமாக நிற்கும். கம் காஜா காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. நம் பக்கத்து ஈரத்தில் வேகமாகவே இறுகும், ஆகவே சிறிது சிறிதாகக் கலந்துகொள்வது நல்லது. விமானியறைக் கண்ணாடியை இந்தக் கட்டத்தில் ஒட்டி வைக்காதீர்கள். கம் காஜாவின் ஆவி கண்ணாடி மேல் வெள்ளைப் படலமாகப் படிந்தால், தேய்த்து மெருகேற்றாமல் போகாது.

தேய்ப்பதற்கு சேண்ட் பேப்பரைப் பட்டையாகக் கிழித்து, பின்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு முனையையும் பிடித்து உடலின் வளைவைச் சுற்றி மேலும் கீழுமாக இழுங்கள். மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் உருண்டை உடல் அந்த இடத்தில் தட்டையாகிவிடும். வெறும் விரலால் தேய்த்தால் ஜன்னலுக்கு ஜன்னல் பள்ளம் விழும். 400இல் ஆரம்பித்து, 600, 1000 என்று தண்ணீர் தொட்டுப் போங்கள். பிறகு சாம்பல் பிரைமர் மெல்லியதாக ஒரு பூச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பிரைமரை ஈரம் சொட்ட அடித்தால் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும், தள்ளி நின்று தூவ வேண்டும். காய்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசி டார்ச்சை உடலோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். விடுபட்ட ஒவ்வொரு ஜன்னலும் நிழலாகக் காட்டிக்கொடுக்கும். போசைடன் முழுக்கப் பளபளப்பான வெளிர் சாம்பல் நிறம். அந்தப் பளபளப்பு எதையும் மறைக்காது. டார்ச்சில் ஒன்றும் தெரியாத வரை அடைப்பு, தேய்ப்பு, பிரைமர் என்று திரும்பத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். முன்கதவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக வரும் பெரிய கண்காணிப்பு ஜன்னலை வெட்டித் திறக்க வேண்டாம். கடைசியில் கருஞ்சாம்பல் டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டினால் போதும்.

மூக்கில் எடை வைக்க மறந்தால் மாடல் வாலில் உட்காரும். கிட் தாளில் சொன்ன எடை இங்கே பற்றாது, வயிற்றின் பின்பாதியில் புட்டி ஏறப்போகிறது. எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சில் மேல் வைத்து, மூக்கு தெளிவாகச் சாயும் வரை மீன்பிடி ஈயக்குண்டு போடுங்கள். ஈயத்தை எபோக்சியால் மட்டும் ஒட்டுங்கள். வெள்ளைப் பசையோடு சேர்ந்தால் ஈயம் வெள்ளையாகப் பூத்து ஊதும், சில வருடத்தில் உடலையே பிளந்துவிடும்.

இறக்கை நுனிக்கு வருவோம். வின்லெட்டுக்குப் பதில் போசைடனில் பின்னோக்கிச் சாய்ந்த கூர் நுனி இருக்கிறது. வின்லெட் இல்லாத 737-800இன் இறக்கை விரிவு 34.32 மீட்டர், பி-8ஏயின் விரிவு 37.64 மீட்டர். மாடல் அளவில், உடலின் நடுக்கோட்டில் இருந்து 119 மிமீ வரும் இடத்தில் வின்லெட்டைச் சதுரமாக வெட்டி, நுனி 130.7 மிமீயில் முடியும்படி நீட்ட வேண்டும். அதாவது பக்கத்துக்கு 11.5 மிமீ. இறக்கை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஸ்கேலை இறக்கை மேல் படுக்கவைத்து அளந்தால் தவறும். மாடலை மேசையில் வைத்து, நுனியில் இருந்து மூலைமட்டத்தைக் கீழே இறக்கி, மேசை மேல் அளக்க வேண்டும்.

புது நுனிக்கு 1 மிமீ ஷீட். இரண்டு துண்டை டபுள் டேப்பால் ஒட்டி ஒன்றாக வெட்டினால் இடமும் வலமும் ஒரே வடிவில் வரும். முன்விளிம்பு நன்றாகப் பின்னோக்கிச் சாயும், பின்விளிம்பு ஏறக்குறைய இறக்கையின் கோட்டிலேயே போகும். வெறுமனே முட்டுக்கு முட்டு ஒட்டினால் தேய்க்கும்போது கழன்று வரும். பின் வைஸால் (கையால் திருகும் சிறு துளைப்பான்) இரண்டு பக்கமும் 0.5 மிமீ துளையிட்டு, ஸ்டேப்ளர் கம்பியை நிமிர்த்தி உள்ளே செருகி ஒட்டுங்கள். காய்ந்த பிறகே மேலும் கீழும் தேய்த்து மெல்லியதாக்க வேண்டும். முன்பே கூராக்கிவிட்டால் இணைப்பில் படி விழும். பலர் தவறுவது ஒரு விஷயத்தில்: போயிங் 787 நினைவில் நுனியை மேலே வளைத்துவிடுவார்கள். போசைடனின் நுனி இறக்கையின் அதே தளத்தில் நேராகப் போகிறது.

இறக்கையை வெட்டக் கை நடுங்குகிறதா? ஏர்ஃபிக்ஸ் 1/144 737-200 கிடைத்தால் இந்தோனேசிய விமானப்படையின் 'சர்வேய்லர்' கண்காணிப்பு விமானத்தைச் செய்யலாம். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் வாங்கிய மூன்று விமானங்கள், தளம் மக்காசாரில். பின்னுடலின் மேற்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக 16 அடி நீள ரேடார் ஆண்டெனா உறை, மாடலில் 34 மிமீ. அதில் பயணிகள் ஜன்னல்கள் அப்படியே இருக்கும்.

போசைடனின் வயிற்றில், இறக்கைக்குப் பின்னால் ஆயுத அறை. கதவுகளை மூடியே வையுங்கள். இந்த அளவில் திறந்து காட்டுவது உழைப்புக்கு ஏற்ற பலன் தராது. குழாய் ஓட்டைக்கு விற்கும் எபோக்சி புட்டியை மெல்லியதாகப் பரப்பி, விரலைத் தண்ணீரில் நனைத்து இழுத்துவிட்டு, காய்ந்ததும் கதவுக் கோடுகளைக் கீறுங்கள். விமானியறைக்கு மேலே வானில் எரிபொருள் வாங்கும் வாயையும் கோடாகக் கீறினால் போதும். முன்சக்கரத்துக்குப் பின்னால் இறங்கும் கேமரா உருண்டை 20 அங்குல ரகம், மாடலில் 3.5 மிமீ மணி ஒன்று. தரையில் நிற்கும்போது அது உள்ளே இழுக்கப்பட்டிருக்கும், எனவே பறக்கும் நிலையில் ஸ்டாண்டில் வைப்பவர்களுக்கு மட்டும் அது தேவை. எஞ்சினுக்கு வெளியே இறக்கைக்கு இரண்டு பைலான் (ஆயுதம் தொங்கவிடும் தாங்கி). பிளேட் ஆண்டெனாக்களை 0.25 மிமீ ஷீட்டில் வெட்டி, மேலே வெறுமனே ஒட்டாமல் சிறு பிளவு கீறி அதில் நிறுத்துங்கள்.

பெயிண்ட்டுக்கு நாள் பார்க்க வேண்டும். மாலை மழைக்கு முன் காற்று கனத்திருக்கும்போது லாக்கர் பெயிண்ட் அடித்தால், தின்னர் ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்கும், அந்தக் குளிரில் ஈரம் படிந்து பளபளப்பு பால்போல வெளுக்கும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய நேரமே நல்லது. இறக்கை முன்விளிம்பும் எஞ்சின் வாய் விளிம்பும் உலோக நிறம்.

டீகாலை வீட்டில் அச்சடிப்பதானால், இன்க்ஜெட் தாளைப் போட்டோஸ்டாட் கடை லேசர் பிரிண்டரில் போடக் கொடுக்காதீர்கள். உள்ளே உள்ள சூட்டில் படலம் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும். இன்க்ஜெட்டில் அச்சடித்ததைத் தண்ணீரில் போடுமுன் கிளியர் கோட் அடித்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் மை கரையும். ஆஸ்திரேலிய வட்டத்துக்குள் இருக்கும் கங்காரு உடலின் இரண்டு பக்கமும் மூக்கை நோக்கியே ஓடும். ஒரே படத்தை இரண்டு தடவை அச்சடித்தால் ஒரு பக்கம் அது வாலை நோக்கி ஓடும். வலப்பக்கத்துக்குப் படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடியுங்கள்.