அரை சதவீத ஆம்பர் ஏலுக்கு ஐம்பதில் எத்தனை?

ஆல்கஹால் குறைந்த பீரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு சலுகையோடுதான் தொடங்குகிறார்கள். “இந்த வகைக்கு இது பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு, இரண்டு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சலுகையால் பீருக்கும் நன்மையில்லை, காசு கொடுத்து வாங்குபவருக்கும் நன்மையில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே, ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷைரில் எல்லன் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட புரூடாக் நிறுவனத்தின் நேனி ஸ்டேட் என்ற 0.5 சதவீத ஆல்கஹால் கொண்ட ஏலை, ஐந்து சதவீத ஆம்பர் ஏலை எந்தத் தராசில் வைப்பேனோ அதே தராசில் வைத்துப் பார்த்தேன். சற்று வெதுவெதுப்பில் நொதிக்க வைக்கும் பீர் வகைதான் ஏல்; அதில் செந்நிறமானது ஆம்பர் ஏல்.

இந்தப் பீர் பிறந்த கதை சுவையானது. 2009இல் இதே நிறுவனம் டோக்கியோ என்ற பெயரில் 18.2 சதவீத ஆல்கஹாலோடு ஸ்டவுட் என்ற கறுப்புப் பீர் ஒன்றை வெளியிட்டபோது, குடிப்பழக்கத்தால் ஏற்கெனவே அவதிப்படும் நாட்டில் இது பொறுப்பற்ற செயல் என்று கடுமையான கண்டனம் எழுந்தது. அதற்குப் பதிலடியாக, மக்களைக் குழந்தைகளைப் போல நடத்தும் அரசை இடித்துரைக்கும் பெயரோடு, அதே ஆண்டில் 1.1 சதவீதத்தில் இது வந்தது. அந்த முதல் வடிவத்தின் கசப்பு, பீரின் கசப்பை அளக்கும் பன்னாட்டு அலகில், கணக்கின்படி 225 அலகுகள் என்று அறிவிக்கப்பட்டது. கணக்கின்படி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள் ஓர் அளவுக்கு மேல் பீரில் கரைந்து நிற்காது என்பதால், நூறு அலகைத் தாண்டியபின் அந்த எண்ணுக்கும் நாக்குக்கும் அதிகத் தொடர்பில்லை. இப்போது கிடைக்கும் வடிவம் 0.5 சதவீதமாகவும் 45 அலகாகவும் இறங்கிவிட்டது. ஒரு காலத்துக் கோபத்தில் பிறந்த பீர், அந்தக் கோபம் அடங்கிய பிறகும் கடைகளில் நிலைத்து நின்றது என்றால், அதற்குள் உண்மையாகவே ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள்.

ஆல்கஹாலைக் குறைக்கும் வழிகள் பல. முழுப் பீராகக் காய்ச்சி, வெற்றிடத்தில் தாழ்ந்த வெப்பத்தில் ஆல்கஹாலை ஆவியாக்கி எடுக்கலாம். சவ்வின் வழியே அழுத்திப் பிரிக்கலாம். தானியச் சாற்றின் முக்கியச் சர்க்கரையான மால்டோஸைத் தொடாத ஈஸ்டைக் கொண்டு நொதிக்க வைக்கலாம். நேனி ஸ்டேட்டின் வழி இவற்றைவிட எளிமையானது. ஈஸ்ட் தின்பதற்குச் சர்க்கரையே அதிகம் இல்லாத நீர்த்த சாறாகத் தொடங்கி, நிறத்தையும் சுவையையும் மட்டும் எட்டு வகைச் சிறப்பு மால்ட்களால், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியங்களால், ஊட்டுவது அது. கிரிஸ்டல் மால்ட் போன்றவை இங்கே பெரிதும் உதவுகின்றன. அவற்றில் தானியத்தை ஈரத்தோடு சூடாக்கி, மணிக்குள்ளேயே மாவைச் சர்க்கரையாக்கி, பிறகு வறுத்துவிடுவதால், அந்தச் சர்க்கரையில் கணிசமான பங்கு ஈஸ்டால் தின்ன முடியாததாக மாறிப் பீரிலேயே தங்கிவிடுகிறது. இந்த வழியில் எடுத்துவிட ஆல்கஹாலும் இல்லை, எடுக்கும்போது போய்விடும் மணமும் இல்லை. ஆனால் நீர்த்த சாறு நீர்த்த சாறுதான். அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

மதிப்பெண்ணுக்கு நான் எடுத்துக்கொண்டது, பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம் என்ற அமைப்பின் மதிப்பெண் தாள். 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அமைப்பின் தாளில் மொத்தம் ஐம்பது மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. அமெரிக்க ஆம்பர் ஏலுக்கு அவர்களின் வரையறை 4.5 முதல் 6.2 சதவீத ஆல்கஹாலும் 25 முதல் 40 அலகுக் கசப்பும். நேனி ஸ்டேட் இரண்டிலும் எல்லைக்கு வெளியே நிற்கிறது: ஒன்றில் மிகக் கீழே, மற்றதில் சற்று மேலே. போட்டியில் அந்தப் பிரிவில் வைத்தால் இது தோற்றுப்போகும் என்பது தெரிந்ததே. என் கேள்வி வேறு. ஓர் ஆம்பர் ஏலிடம் நாம் எதிர்பார்க்கும் வறுத்த மால்ட்டின் இனிப்பும், அமெரிக்க ஹாப்ஸின் பழ மணமும், அவை இரண்டுக்கும் இடையிலான இணக்கமும் இதில் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன?

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் இந்தப் பீரைப் பற்றி எதுவும் தெரியாது. சிறிது நேரம் வெளியே வைத்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாத கண்ணாடிக் குவளையில், நடுவில் விழும்படி சற்றுத் துணிந்து ஊற்ற வேண்டும். நிறம் பழைய செம்புப் பாத்திரத்தைத் துலக்கியபின் தெரியும் சிவப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடியில் மாணிக்கச் சாயல். நுரை வெண்பழுப்பாக எழுந்து, எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் நிற்கிறது. குடிக்கக் குடிக்க ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் மால்ட்டின் புரதத்தோடு பிணைந்து நுரையைத் தாங்குகின்றன என்பதால், நிறைய ஹாப்ஸ் சேர்த்த பீரில் இது நடப்பது இயல்பே. தோற்றத்துக்கு மூன்றுக்கு மூன்று. இதில் குறைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மணம்தான் இந்தப் பீரின் பெருமை. சென்டினியல், அமரில்லோ, கொலம்பஸ், காஸ்கேட், சிம்கோ என்று ஐந்து அமெரிக்க ஹாப்ஸ் வகைகளைச் சேர்த்திருக்கிறார்கள். நொதித்தபின் கொதிக்க வைக்காமல் குளிர்ந்த பீரிலேயே ஊறவிடும் முறையையும் தாராளமாகக் கையாண்டிருக்கிறார்கள். குவளையை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே பம்ளிமாஸ் தோலைக் கிள்ளியபோது தெறிக்கும் எண்ணெயின் மணம் வந்துவிடுகிறது. அது 1972இல் ஓரிகனிலிருந்து வெளியான காஸ்கேடின் கையொப்பம். அதன் பின்னால் ஆரஞ்சு, அதற்கும் பின்னால் சிம்கோவின் பைன் பிசின். ஆல்கஹால் குறைவாக இருப்பதே இங்கே ஒரு விதத்தில் துணைசெய்கிறது. ஹாப்ஸின் நறுமண எண்ணெய்கள் நீரைவிட ஆல்கஹாலில் எளிதாகக் கரைபவை. அது இல்லாதபோது அவை திரவத்தில் தங்காமல் மூக்கை நோக்கிப் பாய்கின்றன. அதே காரணத்தால் சீக்கிரம் தீர்ந்தும் போகின்றன; குவளையின் கடைசிப் பகுதியில் பைன் மட்டும் மெலிதாக மிச்சமிருக்கிறது. பன்னிரண்டுக்குப் பத்து.

சுவைக்கு வருவோம். முதல் மிடறில் நுனிநாக்கில் வறுத்த ரொட்டி ஓரத்தின் சுவையும், கருகத் தொடங்கிய சர்க்கரைப் பாகின் இனிப்பும் தெளிவாகவே வருகின்றன. பல குறைந்த ஆல்கஹால் பீர்களைக் கெடுக்கும் வேகவைத்த தானியச் சுவை இதில் தலைகாட்டவில்லை. அந்தச் சுவைக்குக் காரணம் மால்ட் சாற்றில் உள்ள ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்கள். முழுமையாக நொதிக்கும் பீரில் ஈஸ்டே அவற்றை மாற்றிவிடும்; அரைகுறையாக நொதிப்பதில் அவை அப்படியே நின்று, அவற்றுள் ஒன்றான மெத்தியோனால் வெந்த உருளைக்கிழங்கின் வாசத்தைக் கொடுக்கும். இங்கே சாறு மிகவும் நீர்த்தது என்பதாலும், மேலே ஹாப்ஸ் பலமாக நிற்பதாலும், அது உணரப்படவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இனிப்பு நாக்கின் நடுப்பகுதியைக் கடப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதன்பின் அடிநாக்கில் கசப்பு எழுகிறது. விழுங்கியபின்னும் நீண்ட நேரம், தனியாக, துணையில்லாமல் நிற்கிறது. 45 அலகு என்பது சாதாரண ஆம்பர் ஏலில் இதமான கசப்புதான். அங்கே அதைத் தாங்க மால்ட் இருக்கிறது. எண்ணெயும் வெல்லமும் போதாமல் வைத்த வத்தக் குழம்பில் சுண்டைக்காய் மட்டும் துருத்திக்கொண்டு தெரிவதைப் போல, இங்கே அதே அளவு இரட்டிப்பாக உறைக்கிறது. கசப்பை விரும்பும் எனக்கு இது இன்பமே. ஆயினும் இணக்கம் என்று பார்த்தால் தராசின் ஒரு தட்டு இறங்கியே இருக்கிறது. இருபதுக்குப் பதின்மூன்று.

வாயில் உணரும் தன்மையில் ஒளிக்க எதுவும் இல்லை: பீர் மெலிது. ஆல்கஹால் கொடுக்கும் கதகதப்பும் வழுவழுப்பும் இல்லாத இடத்தைக் கரியமில வாயுவின் துள்ளல் ஓரளவு நிரப்புகிறது, ஆனால் வாய்க்குள் சற்று நேரம் வைத்திருந்தால் அந்தத் துள்ளல் அடங்கி, மிஞ்சுவது நல்ல மணமுள்ள கசப்பு நீர்தான். ஓட்ஸையோ பால் சர்க்கரையான லாக்டோஸையோ சேர்த்து இந்தக் குறையை மறைக்கும் பீர்கள் உண்டு. ஆனால் ஆம்பர் ஏலில் அந்தக் கொழகொழப்பு எனக்கு உவப்பதில்லை. மெலிவை மெலிவாகவே விட்டதை மதிக்கிறேன். மதிப்பெண் அதனால் கூடாது: ஐந்துக்கு இரண்டு.

ஒட்டுமொத்தத்துக்குப் பத்துக்கு ஏழு தருகிறேன், மொத்தம் 35. அந்தத் தாளின் கணக்கில் 30 முதல் 37 வரை ‘மிக நன்று’ என்ற படிநிலை, சலுகை எதுவும் சேர்க்காமல். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வாகன ஓட்டிகளுக்கான ஆல்கஹால் வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. மாலையில் வண்டியெடுக்க வேண்டியவர் நண்பர்களோடு உட்காரும்போது இனிப்பு சோடாவுக்குப் பதிலாகக் கையில் எடுக்க, ஹாப்ஸ் மணக்கும் ஒரு பீர் கிடைப்பது சிறிய விஷயமல்ல. உணவோடு குடித்தால் இதன் குறையும் பாதி மறைகிறது. நன்கு முதிர்ந்த செடார் பாலாடைக்கட்டியின் கொழுப்பு, மால்ட் செய்யத் தவறிய வேலையைத் தானே செய்து அந்தத் தனிக் கசப்பைத் தாங்கிக்கொள்கிறது. மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் அப்படியே. காரமான உணவோடு மட்டும் வேண்டாம், கசப்பும் காரமும் ஒன்றையொன்று தூண்டிவிடும்.

வாங்கும்போது புட்டியைவிட டின்னாகவே பாருங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கெட்ட நாற்றம் பிறக்கும், டின்னில் அதற்கு வழியில்லை. அடியில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். மணத்தையே நம்பி நிற்கும் பீர் இது, அந்த மணம் மாதங்கள் செல்லச் செல்ல மங்கும். காலாவதி நெருங்கிய டின்னை விலை குறைத்து வைத்திருந்தாலும் எடுக்காதீர்கள். நான் மேலே தந்த பத்து மதிப்பெண் அதற்குள் இருக்காது.