நார்தாம்ப்டனில் கம்பளத்தின் மீது ஒரு பந்தயம்

சென்னையிலிருந்து அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டபோது, அவள் கேட்டிருந்த சாம்பார்ப் பொடிக்கும் மோர்மிளகாய்க்கும் நடுவே, என் ரேடியோ கட்டுப்பாட்டுக் காருக்கென்று சேர்த்து வைத்திருந்த மென்மையான ஸ்பிரிங்குகளையும் இரண்டு ஜோடி டயர்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். நார்தாம்ப்டனில் டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடக்கவிருந்த ரேடியோ கார் மன்றப் பந்தயத்துக்கு, அக்காள் மகன் தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்திருந்தான். சாம்பார்ப் பொடி வந்து இறங்கிய அன்றே பயன்பட்டது. ஸ்பிரிங்குகளும் டயர்களும் உறை பிரிக்கப்படாமலேயே என்னோடு ஊர் திரும்பின.

லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் நார்தாம்ப்டன் வந்துவிடுகிறது. லிஃப்டுகளைச் சோதிப்பதற்காகவே கட்டி 1982இல் திறந்த 127 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று ஊருக்கு அடையாளமாகத் தனியே நிற்கிறது. செருப்பும் ஷூவும் தைத்துப் பேர்பெற்ற ஊர் என்றாலும், கார்ப் பந்தயத்தில் பித்துள்ளவனுக்கு அதைச் சுற்றியுள்ள நிலமே வேறு கணக்கு. பந்தய இன்ஜின்களுக்குப் பெயர்போன காஸ்வொர்த் இந்த ஊரில் இருக்கிறது. வடக்கே சிறிது தொலைவில் உள்ள பிரிக்ஸ்வொர்த்தில் மெர்சிடஸின் ஃபார்முலா 1 இன்ஜின்கள் உருவாகின்றன. 1950 மே 13 அன்று உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் நடந்த சில்வர்ஸ்டோன், அத்தான் காரில் அரை மணி நேரப் பயணத்தில் வந்துவிட்டது. காஸ்வொர்த்தில் பணியாற்றிய சிசில் ஷூமாக்கர் என்ற பொறியாளர் 1980இல் தொடங்கிய பொம்மைக் கார் நிறுவனமும் இதே ஊரில்தான் இயங்குகிறது. எஃகுக் குண்டுமணிகளை இரண்டு தட்டுகளுக்கிடையில் அழுத்தி வைத்து, திருகாணியின் இறுக்கத்தாலேயே அதன் நழுவலை மாற்றக்கூடிய டிஃபரன்ஷியலை, அதாவது வளைவில் இடவலச் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் அமைப்பை, சிறிய கார்களுக்குக் கொண்டு வந்தவர் அவர். பொம்மை என்ற சொல்லை நான் எழுதுவதற்கு மருமகன் ஒப்புக்கொள்ள மாட்டான்; இருந்தாலும் அந்தச் சொல்லை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, இருட்டு விலகாத நேரத்தில், ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தயம் என்றதும் ஓடுதளம் ஒன்று தயாராகக் காத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே இருந்தவையோ, பாய்போலச் சுருட்டிச் சுவரோரம் அடுக்கிய சாம்பல் நிறக் கம்பளங்கள் மட்டுமே. வந்தவர்கள் எல்லோரும், எழுபது வயதைத் தொடும் பெரியவர் உட்பட, குனிந்து அவற்றை விரித்து, பாட்மின்டன் கோடுகளை மூடி, இணைப்புகளில் பட்டை ஒட்டி, வளைவுகளைத் தடுப்புகளால் அமைத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதுகு வலித்தவன் நான் ஒருவன் மட்டும்தான் என்று தோன்றியது.

மருமகன் எனக்குத் தந்தது, அவன் முன்பு ஓட்டிய டாமியா டிடி-02. உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ஏறக்குறைய 190 மி.மீ. அகலமும் முன்பின் அச்சுகளுக்கிடையே 257 மி.மீ. இடைவெளியும் கொண்ட, நான்கு சக்கரங்களும் இயங்கும் டூரிங் கார் அது. இந்த வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வெள்ளிநிற 540 மோட்டார், பெட்டியில் வரும் அதே கியர் விகிதம்: மோட்டாரில் 22 பற்கள் கொண்ட பினியன் என்ற சிறு பல்சக்கரம், அது சுழற்றும் 70 பற்கள் கொண்ட ஸ்பர் என்ற பெரிய பல்சக்கரம், அதற்கு அப்பாலுள்ள கியர்களின் உள்விகிதம் 2.6. கணக்கிட்டால், சக்கரம் ஒருமுறை சுழல மோட்டார் 8.27 முறை சுழல வேண்டும். மோட்டாரிலும் கியரிலும் கைவைக்க முடியாத காரணத்தால், எஞ்சுவது சேஸிஸ் என்னும் அடிச்சட்டமும் டயரும் ஓட்டுபவனின் விரல்களும்தான். புதியவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு இல்லை என்பது என் எண்ணம். பணத்தைக் கொட்டி வேகம் வாங்குவதற்கு வழியில்லாத இடத்தில்தான், காரைத் தரைக்கு ஏற்பச் சரிசெய்யும் செட்டப் என்ற வேலையின் பொருள் புரிகிறது.

பயிற்சிச் சுற்றிலேயே என் அறிவு கவிழ்ந்தது. மொட்டைமாடியின் சிமென்ட் தரையில், தூசியின் மேல், டயர் எப்போதும் வழுக்குகிற சூழ்நிலையில் கற்றவன் நான். அங்கே பிடிமானத்தைத் தேடுவதுதான் முழு வேலையும்: ஸ்பிரிங்கை மென்மையாக்குவேன், காரை உயர்த்துவேன், எடை வெளிச்சக்கரத்தின் மீது சாய வழி செய்வேன். அந்தப் பழக்கத்தோடு முந்தைய இரவே டிடி-02ஐ மென்மையாக்கி, தரையிலிருந்து 7 மி.மீ. உயரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். முதல் வேகமான வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும், கார் சறுக்கவே இல்லை. உள்பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேலெழும்ப, வெளிப்பக்கமாகப் புரண்டு, கூரை தேய்ந்தபடி தடுப்பில் போய் முட்டியது. மறுசுற்றிலும் அதே வளைவு, அதே புரளல். அங்கே நின்றிருந்த சிறுமி மூன்றாவது முறை காரை நிமிர்த்தி வைத்தபோது என்னை நிமிர்ந்து பார்க்காமலிருந்தது, அவளுடைய பண்பு.

காரணம் எளிதானது. டயரின் பிடி தரையில் வேலை செய்கிறது. காரின் எடையோ அதற்கு மேலே சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிடி குறைவாக இருந்தால் வளைவில் கார் சறுக்கித் தப்பித்துக்கொள்ளும். எடைமையத்தின் உயரத்தையும் சக்கரங்களின் அகலத்தையும் வைத்துப் பார்க்கும்போது பிடி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், சறுக்குவதற்கு முன்பே கார் கவிழ்ந்துவிடும். மென்மையான ரப்பர் டயரில் பிடியைக் கூட்டும் திரவம் தடவிக் கம்பளத்தின் மீது ஓட்டும்போது அந்த எல்லை மிக அருகில் இருக்கிறது. பிடி போதவில்லை என்பதற்கான வைத்தியங்கள் அனைத்தையும் நான் பிடி மிகுந்து வந்த நோய்க்குக் கொடுத்திருந்தேன்.

“மாமா, முதல்ல எதையும் மாத்தாதீங்க. என்ன இருக்குன்னு அளந்து பாருங்க” என்றான் மருமகன். பதினான்கு வயதுப் பையனிடம் பாடம் கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவன் அதைத் தன் அம்மாவின் குரலில் சொன்னதுதான் கொஞ்சம் உறுத்தியது.

கண்ணாடிபோல் சமமான பலகை ஒன்றின் மீது காரை வைத்தோம். படிப்படியாக உயரும் அளவுகோலைச் சேஸிஸுக்கு அடியில் செருகி, முன்னும் பின்னும் உயரத்தை அளந்து, 5.5 மி.மீ. அளவுக்கு இறக்கினோம். பிறகு அவன் ஒரு கத்தியின் முனையைச் சேஸிஸின் முன்விளிம்பில், சரியாக நடுக்கோட்டில் வைத்து, மெல்ல உயர்த்தினான். இரண்டு முன்சக்கரங்களும் ஒரே கணத்தில் பலகையை விட்டு எழ வேண்டும். எங்கள் காரில் இடது சக்கரம் முதலில் எழுந்தது. அதாவது வலது முன்சக்கரம் அதிக எடையைச் சுமந்துகொண்டிருந்தது; அப்படிப்பட்ட கார் ஒரு பக்கம் ஒருமாதிரியும் மறுபக்கம் வேறுமாதிரியும் திரும்பும். பல நிமிடங்கள் தேடியபின், அதிர்வைத் தணிக்கும் டாம்பர்களின் ஸ்பிரிங்குக்கு மேல் செருகும் பிளாஸ்டிக் வளையங்களில் ஒன்று மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடியது என்று தெரிந்தது. முந்தைய இரவு, அக்காள் சாப்பிடக் கூப்பிட்ட அவசரத்தில், அதை மாட்டியவன் நான். எந்தக் கோணத்தை மாற்றியிருந்தாலும் இந்த ஒரு மில்லிமீட்டர் அதைப் பொய்யாக்கியிருக்கும். செட்டப் என்றாலே பலரும் விலையுயர்ந்த பாகங்களைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தக் கத்திமுனைக்குக் காசு ஏதும் செலவாகவில்லை.

முதல் சுற்றில் 13 லேப், 5 நிமிடம் 11 விநாடி. இங்கே தகுதிச் சுற்றில் ஒருவரையொருவர் முந்துவது முக்கியமல்ல. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுக் கிளம்ப, 5 நிமிடம் முடியும்போது ஓடிக்கொண்டிருக்கும் லேப்பையும் முடித்து, எத்தனை லேப், எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கிறார்கள். காரினுள் இருக்கும் சிறிய டிரான்ஸ்பாண்டர் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் கணினி எண்ணிக்கொள்கிறது. புரளல் குறைந்திருந்தாலும் முற்றிலும் நிற்கவில்லை.

மருமகன் தன் பந்தயத்துக்குப் போயிருந்த நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. முன்பக்கம் கடினமான ஸ்பிரிங் மாட்டினேன். டாம்பரில் 400 எண் எண்ணெயை வடித்து, அதைவிடக் கெட்டியான 600 ஊற்றினேன். முன்சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் கேம்பர் கோணத்தை 2 டிகிரியிலிருந்து அரை டிகிரிக்குக் குறைத்தேன். டயர் திரவத்தை முன்டயரில் வெகு குறைவாகத் தடவினேன். இரண்டாம் சுற்றில் கார் ஒருமுறைகூடப் புரளவில்லை. திரும்பவும் இல்லை. வளைவு வந்தால் நேராகத் தடுப்புக்குள் போய் நின்றது. 14 லேப் முடித்தேன். நான்கில் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று சொல்ல என்னிடம் எந்த வழியும் இல்லை.

அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த உண்மையான பாடம், அடுத்துவந்த மார்ஷல் வேலையில் இருந்தது. ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்துக்கு வளைவுகளில் நின்று புரண்ட கார்களை நிமிர்த்த வேண்டும் என்பது விதி. நிற்காமல் நழுவினால், உங்கள் சிறந்த சுற்றை நீக்கிவிடுவார்கள். ஓட்டுநர் மேடையில் நின்று பார்க்கும்போது கார் ஒரு வண்ணப் புள்ளியாகத்தான் தெரிகிறது. அதன் குறையெல்லாம் நம் விரல்களின் குறையாகவே படும். வளைவின் ஓரத்தில், காலுக்கு ஒரு முழம் தள்ளிப் பாய்ந்து போகும்போதுதான் அது உடல் கொண்ட பொருளாகிறது. வேகமான கார்கள் வளைவில் சிறிதளவே சாய்ந்தன. உள்முன்சக்கரம் தரையை உரசிக்கொண்டிருந்ததே தவிர, தொங்கவில்லை. மெதுவான கார்களில் அந்தச் சக்கரம் காற்றில் தவித்தது. என் பழைய நண்பனான புரளலையும் கண்டேன்: வெளிப்பக்க முன்டயரின் ஓடுபரப்பு மடங்கி, அதன் பக்கச்சுவர் கம்பளத்தைக் கவ்விய அந்தக் கணத்தில்தான் கார் துள்ளிக் கவிழ்ந்தது. குற்றவாளி டயரின் பரப்பு அல்ல, விளிம்பு.

மேசைக்குத் திரும்பி இதைச் சொன்னதும், மருமகன் சிரித்துவிட்டுச் சூப்பர் கம் குப்பி ஒன்றை எடுத்து நீட்டினான். முன்டயர்களின் வெளிப்பக்கச் சுவரில், ஓடுபரப்பு முடியும் இடத்திலிருந்து கீழாக, மெல்லிய படலமாக அதைப் பூசி உலரவிட வேண்டும். உலர்ந்த பசை கண்ணாடிபோல் வழுக்கும். கார் சாய்ந்து விளிம்பில் ஏறும்போது பிடி குறைந்து, கவிழாமல் சறுக்கும். மற்ற மூன்று மாற்றங்களையும் பழைய நிலைக்குத் திருப்பினோம். திரவத்தை மட்டும் அவன் வழக்கப்படி, பின்டயரில் முழு அகலத்துக்கும், முன்டயரில் உள்பாதிக்கும் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தோம். கூடத்தில் வாசனையில்லாத திரவத்துக்கு மட்டும்தான் அனுமதி. கம்பளம் விரித்த அந்தப் பெரியவர், பழைய நாளில் இந்தக் கூடங்களெல்லாம் முட்டிவலித் தைலம் தடவிய வீடுபோல மணக்கும் என்றார். அவர் முட்டியைப் பிடித்தபடி சொன்னதால் அது நகைச்சுவையா நினைவா என்று பிரிக்க முடியவில்லை.

மூன்றாம் சுற்றில் 16 லேப், 5 நிமிடம் 6 விநாடி. ஒரே ஒரு முறை புரண்டேன். அதுவும் முன்னால் சென்ற காரின் மீது ஏறியதால். கார் வளைவில் திரும்பி, ஒரு கணம் பின்பக்கம் இலேசாக நழுவி, தானே நேராகியது. அந்த இலேசான நழுவலைக் கைவிரலில் உணர்ந்தபோதுதான், இத்தனை வருடம் மொட்டைமாடியில் எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது விளங்கியது. பிறகு மோட்டாரை விரலால் தொட்டுப் பார்த்தேன். சுட்டது, ஆனால் விரலை வைத்திருக்க முடிந்தது.

இறுதிப் போட்டிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தகுதிச் சுற்றின் வரிசைப்படி ஏ, பி, சி என்று பிரித்தார்கள். சி இறுதியில் எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தேன். மருமகன் வேறொரு வகுப்பில், கார்பன் ஃபைபர் சேஸிஸும் பெல்ட் இயக்கமும் கொண்ட தன் காரில், முன்னச்சை டிஃபரன்ஷியலே இல்லாமல் முழுதாகப் பூட்டிவிட்டு ஏ இறுதியில் ஓடினான். பிரேக் பிடிக்கும்போது அது தண்டவாளத்தில் போவதுபோல் நேராக நிற்பதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

மாலை நாலரைக்கு வெளியே முழு இருட்டு. மறுபடி எல்லோரும் குனிந்து கம்பளத்தைச் சுருட்டினோம். பேட்டரிகளைத் தீத்தடுப்புப் பைகளில் போட்டுக் கட்டினோம். அத்தான் காரைக் கொண்டுவரும்வரை, மருமகன் ஒரு தாளில் அன்றைய செட்டப்பை எழுதினான்: உயரம் 5.5, கேம்பர் 2, எண்ணெய் 400, முன்டயர் விளிம்பில் பசை, திரவம் உள்பாதி. ஒரு பிரதி எனக்கும் தந்தான்.

“இதை அப்படியே மாடியில் வைத்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம் மாமா, அங்க இது வழுக்கிட்டே போகும். நாங்களே ஏப்ரல்ல வெளிய தார்த்தரைக்குப் போனா இதுல பாதியை அழிச்சிடுவோம்” என்று சொல்லி, தாளின் மேல்முனையில் தேதியையும் ‘கம்பளம்’ என்ற சொல்லையும் பெரிதாக எழுதி, அடியில் கோடிட்டான்.