ஜாம்பியைவிடப் பசிக்கு அஞ்ச வைக்கும் விளையாட்டு

ஜாம்பி விளையாட்டு என்றதும் கையில் துப்பாக்கியும் எதிரே பிணக்கூட்டமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் விளையாடியவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. சில நாள் பரபரப்பாகப் போகும், பிறகு சலித்துவிடும். ‘ஸ்டேட் ஆஃப் டிகே’ வரிசை மட்டும் இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஊரெங்கும் பிணங்கள் நடமாடும் ஒரு பள்ளத்தாக்கில் பிழைத்திருக்கும் சிலரை நம் பொறுப்பில் விட்டுவிட்டு, இவர்களுக்கு நாளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று இந்த விளையாட்டு கேட்கிறது. சண்டை அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வருகிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜெஃப் ஸ்ட்ரெய்ன் 2009-இல் தொடங்கிய அன்டெட் லேப்ஸ் நிறுவனம்தான் இதை உருவாக்கியது. இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக விளையாடும் பெரிய விளையாட்டுகளில் பணியாற்றியவர் அவர். அதுபோன்ற ஒரு ஜாம்பி உலகத்தைப் படைப்பதே அவர்களுடைய தொடக்கத் திட்டமாக இருந்தது. அதற்கு முதல் படியாக, ‘கிளாஸ் 3’ என்ற குறிப்புப் பெயரில் ஒருவர் மட்டும் விளையாடக்கூடிய சிறிய விளையாட்டைச் செய்தார்கள். அதுதான் 2013 ஜூன் மாதம் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற மைக்ரோசாஃப்ட் விளையாட்டுக் கருவிக்கு ‘ஸ்டேட் ஆஃப் டிகே’ என்ற பெயரில் வந்தது. இரண்டாம் பாகம் 2018 மே மாதம் வெளியானது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது.

விளையாட்டின் உயிர்நாடி ஐந்து பொருள்களில் இருக்கிறது: உணவு, மருந்து, தோட்டா, கட்டுமானப் பொருள், எரிபொருள். நம் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் நாள்தோறும் சாப்பிடுவார்கள். காயம்பட்டவருக்கு மருந்து போகும், சுவர்களைப் பராமரிக்கக் கட்டுமானப் பொருள் போகும், வண்டி ஓடினால் எரிபொருள் போகும். இவை அனைத்தையும் கைவிடப்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் தேடிக் கண்டுபிடித்து, முதுகில் சுமந்துகொண்டு வர வேண்டும். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு மூட்டைதான் தூக்க முடியும். எத்தனை பெரிய வீரராக இருந்தாலும் அதே ஒரு மூட்டைதான். இந்த ஒற்றை விதியிலிருந்துதான் விளையாட்டின் எல்லாப் பதற்றமும் பிறக்கிறது என்பது என் கருத்து.

ஒரு வீட்டுக்குள் நுழைந்து சமையலறை அலமாரியைத் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் தேடல் மெல்ல நகரத் தொடங்கும். அவசரம் என்றால் இன்னொரு பொத்தானையும் சேர்த்து அழுத்தலாம்; தேடல் விரைந்து முடியும், ஆனால் கை தவறி ஏதேனும் விழுந்து சத்தம் கேட்கவும் கூடும். சத்தம் கேட்டால் தெருவில் நிற்பவை வாசலுக்கு வந்துவிடும். ஆகவே இரவு நேரத்தில், கைவிளக்கின் வட்ட வெளிச்சத்தில், ஒரு பாத்திர அலமாரியின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை வருகிறது. வெளியே எங்கோ ஓர் அலறல் கேட்கிறது. அது அலறிக் கூட்டத்தைச் சேர்க்கும் வகை ஜாம்பி. கை இல்லாதது, தானாகக் கடிக்க வராது, ஆனால் அதன் குரலுக்கு ஊரே திரண்டு வரும். தேடல் முடிகிறது. கிடைத்தது ஒரு மூட்டை உணவு. பக்கத்து அறையில் மருந்துப் பெட்டி இருப்பது தெரிகிறது, ஆனால் முதுகில் இடம் இல்லை. உணவை எடுத்துக்கொண்டு போவதா, இறக்கி வைத்துவிட்டு மருந்தை எடுப்பதா? அந்த இடத்தில் நின்று முடிவெடுப்பதற்கு ஈடாக வேறெந்த விளையாட்டிலும் எனக்கு ஒரு தருணம் கிடைத்ததில்லை.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அப்பத்தா வீட்டில் தானியம் கொட்டி வைக்கும் மண் குலுக்கை ஒன்று இருந்தது. அப்பத்தா அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, எழும் ஓசையை வைத்தே உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடும். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தத் தட்டல் அடிக்கடி கேட்டதாக அப்பா சொல்வார். இந்த விளையாட்டின் இருப்புப் பட்டியலை நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் செய்வது ஏறக்குறைய அதைத்தான். எண்கள் திரையில் இருக்கின்றன, ஆனால் பார்ப்பவரின் மனத்தில் ஓடும் கணக்கு ஒன்றே. இன்னும் எத்தனை நாள் தாங்கும், யாரை அனுப்பலாம், போனவர் திரும்பாவிட்டால் என்ன செய்வது.

ஒருமுறை காலி செய்த வீடு மறுபடி நிரம்புவதில்லை. முதலில் பக்கத்துத் தெரு வறண்டுபோகும், பிறகு அடுத்த ஊர், பிறகு அதற்கும் அப்பால். ஒவ்வொரு நடையும் முந்தைய நடையைவிட நீளும். கடைசியில் முகாமையே வேறிடத்துக்கு மாற்றியாக வேண்டும். திறந்த உலக விளையாட்டுகள் பலவற்றில் பரந்த நிலம் என்பது வண்டியில் கடந்து போவதற்கான காட்சி. இங்கே ஒவ்வொரு கட்டடமும் நம் நினைவில் பதிகிறது. இந்த மருந்தகத்தில் ஒன்றும் இல்லை, அந்தப் பண்ணை வீட்டில் எரிபொருளைப் பார்த்தோம், பாலத்துக்கு அருகில் வண்டி பழுதாகி நிற்கிறது என்று ஊர் முழுவதும் நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. முதல் பாகத்தின் ட்ரம்புல் பள்ளத்தாக்கு கற்பனை நிலம்தான். ஆனாலும் அங்குள்ள ஸ்பென்சர்ஸ் மில் ஊரின் தேவாலயத்திலிருந்து மார்ஷல் நகரத்துக்குப் போகும் வழியை, மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியைப் போலவே என்னால் சொல்ல முடியும்.

முதல் பாகத்தில் இன்னொரு துணிச்சலான ஏற்பாடும் இருந்தது. நாம் விளையாட்டை நிறுத்திவிட்டு உறங்கப் போனாலும் உள்ளே காலம் ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் திறந்தால் இருப்பு குறைந்திருக்கும். யாரோ ஒருவர் காணாமல் போயிருப்பார், இன்னொருவர் நோயில் படுத்திருப்பார். பலருக்கு இது எரிச்சலூட்டியது. வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில் மட்டுமே விளையாட முடியும் என்னும்போது, அந்த இடைவெளிக்குத் தண்டனை கொடுப்பது நியாயமா என்ற கேள்வி சரியான கேள்விதான். இரண்டாம் பாகத்தில் அதை நீக்கிவிட்டார்கள். நீக்கியதற்கான காரணம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அதை இழப்பாகவே கருதுகிறேன். நாம் பார்க்காத நேரத்திலும் பசிக்கும் மனிதர்கள் அவர்கள் என்ற உணர்வை அந்தக் கடிகாரம்தான் கொடுத்தது.

இனி மரணத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த வரிசையின் ஈர்ப்பு முழுமையாவது அங்கேதான். இதில் நாயகன் என்று ஒருவர் இல்லை. கூட்டத்தில் இருக்கும் யாராகவும் நாம் மாறி விளையாடலாம்; ஒருவர் களைத்தால் அவரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு இன்னொருவரை எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு குணம், பழைய தொழில் ஒன்றின் எச்சம் இருக்கும். ஒருவர் தோட்டம் போடத் தெரிந்தவர், ஒருவர் வண்டி பழுது பார்ப்பவர், ஒருவர் சமையல் தெரிந்தவர். அவர் செத்தால் செத்ததுதான். விளையாட்டு தன்னைத்தானே சேவ் செய்துகொண்டே போவதால், பின்னோக்கிப் போய்ச் சாவைத் திருத்த முடியாது. போனவரோடு அவர் கற்ற கலையும் போய்விடும், மிச்சம் இருப்பவர்களின் மனநிலையும் குலையும்.

திருமங்கலத்தில் இருக்கும் என் மாமா மகனும் நானும் இரண்டாம் பாகத்தைச் சேர்ந்து விளையாடுவது வழக்கம். அதில் நான்கு பேர் வரை ஒரே உலகத்தில் விளையாடலாம். விருந்தாளியாக வருபவர் தன் சொந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு வருவார். அங்கே அந்த ஆள் இறந்தால் விருந்தாளியின் வீட்டில்தான் இழப்பு. ஒரு நாள் இரவு என் முகாமுக்கு எரிபொருள் தேட உதவ வந்தவன், மருத்துவம் தெரிந்த ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தான். பெட்ரோல் நிலையத்தின் பின்புறம், நான்கு காலில் பாய்ந்து வரும் வெறிபிடித்த வகை ஜாம்பிகள் இரண்டு ஒன்றாக வந்துவிட்டன. நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒலிவாங்கியில் சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் சொன்னான்: “நாளைக்கு எங்க வீட்ல யாரு மச்சான் மருந்து பாப்பா?”

நிலத்தில் கிடந்த அந்தப் பெண்ணின் பையை நான் எடுத்து வைத்தேன். மறுநாள் இரவு அவனுடைய உலகத்துக்கு விருந்தாளியாகப் போய், என் இருப்பில் இருந்த மருத்துவப் பாடநூலை அவன் முகாமின் வாசலில் இறக்கி வைத்தேன். தனித்திறன் எதுவும் இல்லாத ஒருவர் அந்த நூலைப் படித்தால் மருத்துவம் கற்றுக்கொள்வார். “மாப்ள, எடுத்துக்க. அந்தத் தாடிக்காரருக்குக் குடு, அவருதான் சும்மா இருக்காரு” என்றேன். தாடிக்காரர் படித்தார். இரண்டு இளைஞர்கள் இரவு பதினொரு மணிக்கு, கற்பனையான ஒரு முகாமுக்கு வைத்தியர் வேண்டுமே என்று இவ்வளவு அக்கறையோடு யோசிக்க வைத்தது எந்த வரைகலையும் அல்ல. போனது திரும்பாது என்ற ஒரு விதிதான்.

மருந்தை இந்தத் தொடர் எவ்வளவு உண்மையாக எடுத்துக்கொண்டது என்பதற்கு ஒரு செய்தி உண்டு. 2013-இல் ஆஸ்திரேலியாவின் தணிக்கை அமைப்பு முதல் பாகத்துக்கு அனுமதி மறுத்தது. வன்முறை அதற்குக் காரணமாக இருக்கவில்லை. மார்ஃபின் போன்ற உண்மையான மருந்துகளின் பெயரோடு அவற்றைப் பயன்படுத்தும் வசதி இருந்ததே காரணம். பெயர்களை மாற்றிய பிறகுதான் அங்கே வெளியிட முடிந்தது.

இரண்டாம் பாகத்தில் இரத்தக் கொள்ளை நோய் என்று ஒன்று வருகிறது. கண்கள் சிவந்த, உடல் முழுதும் இரத்தம் தோய்ந்த ஜாம்பிகள் கடித்தால் தொற்று ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் நேரம் எண்ணத் தொடங்கிவிடும். அதே ஜாம்பிகளைக் கொன்று எடுக்கும் மாதிரிகளைக் கொண்டுதான் மருத்துவக் கூடத்தில் மருந்து தயாரிக்க முடியும். மருந்து ஒன்று, நோயாளிகள் இருவர் என்று ஆகும்போது விளையாட்டு எந்த ஆலோசனையும் சொல்லாது. நோய் முற்றியவரைக் கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பலாம், அல்லது நம் கையாலேயே முடித்து வைக்கலாம், அல்லது மாதிரி தேடிக் கடைசி நிமிடம் வரை ஓடலாம். நான் ஓடுவேன். ஓடிப் பலன் கிடைக்காத இரவுகளிலும் அந்த ஓட்டத்தை நான் வீண் என்று நினைத்ததில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்து எழுத விரும்பவில்லை. இரண்டாம் பாகம் வெளிவந்த புதிதில் பிழைகள் மலிந்திருந்தன. வண்டிகள் தரைக்குள் புதையும், கதவுக்குள் ஆட்கள் சிக்குவார்கள். ஒரே அமைப்பிலான வீடுகள் திரும்பத் திரும்ப வரும். முதல் பாகத்தில் மார்கஸ், மாயா, வானொலியில் பேசும் லிலி என்று எழுதப்பட்ட பாத்திரங்கள் இருந்தார்கள். இரண்டாவதில் ஆட்கள் பெரும்பாலும் தற்செயலாக உருவாக்கப்படுகிறவர்கள் என்பதால் உரையாடல் சில நேரம் வெறுமையாக ஒலிக்கிறது. கதை வேண்டுமென்றால் முதல் பாகத்தையும், நிர்வாகமும் கூட்டாளிகளும் வேண்டுமென்றால் இரண்டாம் பாகத்தையும் நான் பரிந்துரைப்பேன்.

இந்த வரிசையை நீண்ட நாள் விளையாடியவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பார்க்கும் இடத்தையெல்லாம் முகாமாக எடைபோடுவார்கள். நானும் மாமா மகனும் மதுரையை இப்படி அளந்துகொண்டே இருக்கிறோம். வெளி, மாசி, ஆவணி மூலம், சித்திரை, ஆடி என்று வீதிக்குள் வீதியாகச் சுருங்கிக்கொண்டே போகும் ஊர் இது. உள்ளே போவது எளிது, கூட்டம் துரத்தினால் வெளியே வருவது கடினம். உணவுக்குக் கீழமாசி வீதியின் பலசரக்கு மொத்தக் கடைகள் இருக்கின்றன, ஆனால் மூட்டையோடு அங்கிருந்து எப்படி மீள்வது? கோடையில் வறண்ட வைகை மணல் வண்டிக்குத் திறந்த பாதை. யானைமலை என்றான் அவன். மேலே ஏறிவிட்டால் எதுவும் நெருங்காதுதான், ஆனால் பாறையில் தோட்டம் போட முடியாது, ஒவ்வொரு மூட்டையையும் மலையேற்ற வேண்டும். நாயக்கர் மகாலை நான் சொன்னேன். அத்தனை தூண்களுக்கு நடுவே எத்தனை பேரைக் காவலுக்கு நிறுத்துவாய் என்று அவன் கேட்டதும் விட்டுவிட்டேன்.

கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது, புறவழிச் சாலையோரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கல்யாண மண்டபம். நான்கு பக்கமும் சுற்றுச்சுவர், ஒரே பெரிய கேட், ஆழ்துளைக் கிணறு, ஜெனரேட்டர், நூறு பேருக்குச் சமைக்கும் அடுப்புகள், அண்டா குண்டாக்கள், மணமகன் அறை, மணமகள் அறை, வண்டி நிறுத்தப் பெரிய திடல், காவலுக்கு மொட்டை மாடி. விளையாட்டின் முகாமில் படுக்கை, சமையலறை, மருத்துவக் கூடம், பட்டறை, தோட்டம், கண்காணிப்புக் கோபுரம் என்று ஒவ்வொன்றையும் ஒதுக்கப்பட்ட இடங்களுக்குள் அடக்க நாம் படும் பாடு இங்கே இருக்காது. இப்படி ஒரு நிலத்தை வைத்து யாராவது ஒரு விளையாட்டைச் செய்வார்கள் என்றால் நான் முதல் நாளே வாங்குவேன். வண்டி பழுது பார்க்கிறவருக்கும், பந்திக்குச் சமைக்கிறவருக்கும், நாட்டு மருந்து தெரிந்த பாட்டிக்கும் நாயகர் இடம் கிடைக்கக்கூடிய விளையாட்டு வடிவம் இது ஒன்றுதான்.

மூன்றாம் பாகத்தை 2020 ஜூலையில் அறிவித்தார்கள். 2024 ஜூனில் இன்னொரு முன்னோட்டத்தைக் காட்டினார்கள். வரைகலை எப்படி இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. முதல் பாகத்தின் ஓடும் கடிகாரத்தை, வேண்டுபவர்கள் மட்டும் தேர்ந்துகொள்ளும் வசதியாகவாவது திருப்பிக் கொண்டுவர வேண்டும். காலி செய்த வீடு காலியாகவே இருக்க வேண்டும். ஒருவர் முதுகில் ஒரு மூட்டை என்ற விதியில் மட்டும் கை வைத்துவிடக் கூடாது.