எனக்குப் பிடித்த இரணியன்கள்

மே மாதத்தில் எங்கள் பக்கம் வயலில் ஒன்றும் இருக்காது. உளுந்து எடுத்து முடிந்திருக்கும். வாய்க்கால் காய்ந்து கிடக்கும். மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆக வேண்டும். அந்த வெறும் நாட்களில்தான் நரசிம்ம ஜெயந்தி வரும். அப்பா சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு, என்னை உட்கார வைத்து தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூருக்கு மிதிப்பார். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே பந்தல். கோமாளி வேஷக் கோணங்கி ஆடி, பிள்ளையார் முகமூடி போட்ட சின்னப் பையன் வந்து போவதற்குள் எனக்குக் கண் சொக்கிவிடும். "இரணியன் வந்தா எழுப்புங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் மடியில் சாய்வேன்.

பிரகலாதனுக்காக வருகிறவர்கள், விடியற்காலையில் நரசிம்மரைச் சேவிக்க வருகிறவர்கள் எல்லாம் உண்டு. நான் இரணியன் கட்சி.

அங்கே நடப்பது பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகம். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய பிரகலாத சரித்திரம், முழுக்கத் தெலுங்கு. நாயக்கர் காலத்தில் வந்த குடும்பங்களோடு வந்த மொழி. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வரி புரியாது. கதை தெரிந்த பிறகு பாஷை எதற்கு? லீலாவதி வேஷம் உட்பட எல்லாமே ஆண்கள்தான். மற்ற நாளில் ஆபீஸ் போகிறவர்கள், இதற்கென்று லீவு போட்டு ஊருக்கு வருவார்கள்.

எனக்கு முதலில் பிடித்துப்போன இரணியன் ஒல்லி. குரலும் கனமில்லை. திரைச்சீலையை இரண்டு பேர் பிடித்திருக்க, அதற்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரிந்தபோது, "இந்தக் காலா மூவுலகையும் மிதித்தது?" என்று பக்கத்தில் ஒரு பாட்டி முணுமுணுத்தாள். மகனை அழைத்து என்ன படித்தாய் என்று கேட்கும் கட்டத்தில்தான் அந்த மனுஷன் யாரென்று தெரிந்தது. பையன் ஹரி என்றதும் அவர் சிரித்தார். வில்லன் சிரிப்பு இல்லை. தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் போல என்று வாத்தியாரைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்பு. இரண்டாவது தடவை கேட்டபோது சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றாவது தடவை கத்தவில்லை. கிரீடத்தை லேசாகத் தொட்டுச் சரிசெய்துகொண்டார். கெட்ட சேதி கேட்டவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்களே, அந்த மாதிரி. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அவர் பெயர் இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து யார் இரணியன் வேஷம் கட்டினாலும் நான் பார்ப்பது தூணை அடிக்கும் இடத்தை அல்ல. அதை யாரும் கெடுக்க முடியாது, கதை தூக்கிவிட்டுவிடும். மகனை எப்படித் தொடுகிறார் என்றுதான் பார்ப்பேன். அப்பன் மகனை மடியில் வைத்துக்கொண்டுதான் என்ன படித்தாய் என்று கேட்கிறான், பாகவத புராணத்தில். கடைசியில் அவனே ஒரு மடியில் கிடக்க வேண்டியிருக்கிறது. இது தெரிந்து நடிப்பவர், தெரியாமல் நடிப்பவர் என்று இரண்டே ஜாதிதான் என் கணக்கில். பையனின் தலையில் ஒப்புக்குக் கை வைத்துவிட்டு மீசையை முறுக்கப் போய்விடுகிறவர்களுக்கு மார்க் கிடையாது.

ஆர்சுத்திப்பட்டு இரணிய நாடகத்துக்குப் போனால் இந்தக் கணக்கே குழம்பிவிடும். அங்கே ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பேர். ஆமாம், இரண்டு இரணியன்! நான் பார்க்கப் போயிருந்த வருஷத்தில் ஒருவர் வயதானவர், மற்றவர் இளவட்டம். இளவட்டம் மேடை அதிர ஆடியது. பெரியவர் பாதி அசைவிலேயே வேலையை முடித்துவிட்டார். ஒரே ஆளுடைய நாற்பது வயதும் அறுபது வயதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

சினிமா இரணியன் என்றால் எஸ்.வி. ரங்காராவ்தான். 1967-இல் வந்த பக்த பிரகலாதா, அதுவும் தெலுங்கு. (எனக்கும் இரணியனுக்கும் நடுவில் எப்போதும் தெலுங்குதான் நிற்கிறது.) குழந்தையாக வரும் ரோஜா ரமணி அந்த மலைக்குப் பக்கத்தில் மைனாக்குஞ்சு மாதிரி. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கண்ணிலேயே நடிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். 2025-இல் மகாவதார் நரசிம்மா வந்தபோது அக்கா பேரன் என்னைத் தியேட்டருக்கு இழுத்துப்போனான். கம்ப்யூட்டர் இரணியன். பிரம்மாண்டம்தான், குறையில்லை. ஆனால் வியர்க்காத இரணியனிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

கம்பன் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், அவரும் நம்ம தேரழுந்தூர்க்காரர்தானே. தூணுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டதும் அவருடைய இரணியன் பயப்படுவதில்லை. "ஆர் அடா சிரித்தாய்?" என்கிறான். ஒளிந்துகொள்ளக் கடல் போதவில்லை என்று தூணைத் தேடினாயோ என்று நக்கலடித்துவிட்டு, "புறப்படு! புறப்படு!" என்று சண்டைக்குக் கூப்பிடுகிறான். பஞ்சாயத்து நாளில் எங்கள் தெருவில் கேட்கும் அதே தொனி.

இதை எனக்குப் படித்துக் காட்டியவர் பெரியப்பா. கருப்புச் சட்டைக்காரர். கம்பனைத் திட்டிக்கொண்டே மனப்பாடமாகச் சொல்வார். அவருடைய இரணியன் வேறு: பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்'. 1934-இல் பெரியார் தலைமையில் அரங்கேறி, 1948-இல் தடை வாங்கிய நாடகம். அதில் இரணியன் தமிழ் மன்னன், ஆரியச் சூழ்ச்சியில் விழுகிறவன். நான் அதை மேடையில் பார்த்ததில்லை. திண்ணையில் பெரியப்பா எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே குரலில் வாசித்துத்தான் கேட்டேன். இரணியன் வசனம் வரும்போது மட்டும் எழுந்து நின்றுகொள்வார்.

கோயில் வாசலை மிதிக்காத அந்த மனுஷன் மெலட்டூருக்கு மட்டும் எங்கள் பின்னாலேயே வருவார். "ராத்திரி நேரம், பிள்ளைய வச்சுக்கிட்டு நீ தனியா ஓட்டுவியா" என்று அப்பாவிடம் சாக்கு. பந்தலுக்குள் வரமாட்டார். தெருக்கோடியில் டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்ப்பார். ஒல்லி இரணியன் கிரீடத்தைத் தொட்ட அன்று நான் திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா ஸ்டாண்டு போட்டுவிட்டு இரண்டு கையையும் கட்டி நின்றிருந்தார்.

நரசிம்மர் முகமூடி வெளியே வருவதற்குள் சைக்கிளைக் காணோம். வீட்டுக்கு வந்தபோது திண்ணையில் படுத்திருந்தார், தூங்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் அப்பாவிடம்.

"முடிஞ்சுது, அண்ணே."

"நல்லா நின்னான்டா அந்த ஆளு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.