நட்டைக் கோத்தியா, கண்ணு?

நாமக்கல்லில் பட்டறை என்றால் லாரிதான், லாரி என்றால் ஏர் பிரேக்தான். சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு பட்டறையில் ஆறு வருஷம் அதையே பார்த்துப் பழகியவன் நான். டேங்கில் காற்று நிற்க வேண்டும். எங்காவது கசிந்தால் உஸ்ஸென்ற சத்தமே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்டவன் கையில் ஒரு பழைய ஜீப் பிக்கப் வந்து சேர்ந்தது. ஆயில் பிரேக். இதில் பொட்டுக் காற்று உள்ளே இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

வண்டிக்காரர் கொல்லிமலைக்காரர். மிளகும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருபவர். முன்னால் ஏற்கனவே டிஸ்க், அதாவது சுழலும் தட்டை இரு பக்கமும் கவ்வும் பிரேக். பின்னால் ட்ரம், சுழலும் உருளைக்குள் லைனர் பட்டைகள் விரிந்து உரசும் பிரேக். "பாதி மலை எறங்கறதுக்குள்ள லைனர் தீயற வாசம் வருதுங்க. அப்புறம் மிதிச்சா புடிக்கறதே இல்லீங்க" என்றார். சூட்டில் ட்ரம் விரிந்து லைனரை விட்டு விலகும், லைனரும் வழுக்க ஆரம்பிக்கும். பின்னாலும் டிஸ்க் போட முடிவானது. கைபிரேக் அந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் தனியாக இருந்ததால் அந்தத் தலைவலி இல்லை.

டிஸ்க், அதைக் கவ்வும் காலிப்பர், பிராக்கெட் எல்லாம் ஒரே நாளில் ஏறிவிட்டன. வந்தவர் போனவர் எல்லாம் பளபளவென்றிருந்த டிஸ்க்கைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். ஆயில் போகும் பைப்புக்கு எனக்கு நாலு நாள் பிடித்தது.

4.75 மி.மீ. பண்டி டியூப், அதாவது பிரேக்குக்கான இரும்புக் குழாய், சுருளாக வரும். வெறும் செம்புக் குழாய் வளைக்கச் சுகம்தான், ஆனால் அதிர்விலேயே ஒருநாள் வெடித்துவிடும் என்று மாஸ்டர் அதைப் பட்டறைக்குள்ளேயே விடமாட்டார். முனையில் பிளேர் அடிப்பதுதான் கைவேலை. பைப்பை அச்சில் இறுக்கி, முனையை முதலில் குமிழாகப் புடைக்க வைத்து, அப்புறம் அதையே உள்பக்கம் மடித்து இரட்டைச் சுவராக்க வேண்டும். எனக்கு முதல் பிளேர் கோணல். இரண்டாவதில் விளிம்பு கிழிந்தது. மூன்றாவது அச்சில் வார்த்தது போல வந்தது. தூக்கிப் பிடித்து மாஸ்டரிடம் காட்டினேன். அவர் பைப்பைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்த்தார்.

"நட்டைக் கோத்தியா, கண்ணு?"

பைப்பை இணைக்கும் நட்டு பெஞ்சில் கிடந்தது. பிளேர் அடித்த முனையில் அது நுழையாது. மறுமுனை ஏற்கனவே அடித்தாகிவிட்டது, அந்தப் பக்கமாகவும் நுழையாது. அறுத்தேன். மறுபடி முதலிலிருந்து.

நட்டிலேயே இன்னொரு வம்பும் இருந்தது. பழைய வண்டியின் மரை இஞ்ச் கணக்கு, 3/8 இஞ்ச் குறுக்களவு, இஞ்சுக்கு 24 புரி. புதிதாக வந்த ஹோஸில் எம்10, அதாவது பத்து மில்லி குறுக்களவு, ஒரு மில்லி மரை. 3/8 இஞ்ச் என்பது ஒன்பதரை மில்லி சொச்சம்தானே, அதனால் இஞ்ச் நட்டு மில்லி ஓட்டைக்குள் கையாலேயே லொடலொடவென்று இறங்கிவிடும். சுலபமாக ஏறுகிறதே என்று சந்தோஷப்பட்டு ஸ்பேனர் போட்டால் மரையைத் தின்றுவிடும். பைப்பை இணைக்கும் ஒரு யூனியன் அப்படிப் போனது.

சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு ரப்பர் ஹோஸ், ஆக்சில் ஏறி இறங்கும் அல்லவா. தரையில் நின்றபோது அளவாகத்தான் தெரிந்தது. சேசிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டதும் வீணைக் கம்பி மாதிரி விறைத்தது. நீளமான ஹோஸாக மாற்றினோம். மற்ற இடமெல்லாம் சைலென்சரை விட்டு ஒதுக்கி, முழத்துக்கு ஒரு கிளிப். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், பின் சக்கரத்துக்குப் போகும் வாயில் ட்ரம்முக்காக இருந்த சின்ன வால்வையும் எடுத்தோம். அது லைனில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். ட்ரம்மில் ஸ்பிரிங் லைனரை இழுத்துக்கொள்ளும், காலிப்பரில் ஸ்பிரிங் ஏது? டிஸ்க்கைக் கவ்வும் பேடு உரசிக்கொண்டே ஓடும்.

அப்புறம் ஏர் எடுக்கிற, அதாவது ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற வேலை. ஸ்டியரிங் வலது பக்கம், ஆகவே தூரமான இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்தேன். உதவிக்கு இருந்த பையன் மிதிக்க, நான் காலிப்பரில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறக்க, மூட. டாட் 4 ஆயில் ஒரு லிட்டர் காலி. குமிழி நின்றுவிட்டது, பெடல் மட்டும் பஞ்சு. ஒன்றரை நாள். எல்லா யூனியனையும் இறுக்கினேன். மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி போட்டேன். கடைசியில் பையன் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான்.

மாஸ்டர் வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்த வைத்தார். "காத்து மேல போகுமா, கீழ போகுமா?" என்றார். அப்போதுதான் கண்ணில் பட்டது, நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. இடது காலிப்பரை வலதில் மாட்டியிருக்கிறேன். உள்ளே காற்று உச்சியில் உட்கார்ந்திருக்க, நான் அடியில் திறந்து நல்ல ஆயிலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மாற்றி மாட்டி, ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டு, மறுபடி ஏர் எடுத்தேன். பெடல் கல்லு மாதிரி நின்றது.

காலி வண்டியில் பின்னால் பாரம் இல்லை, பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வால் சுழலும். அதற்காகப் பின் லைனில் திருகு வைத்த வால்வு ஒன்று சேர்த்து, காலி மைதானத்தில் முன் சக்கரம் முதலில் பூட்டும்வரை திருகித் திருகிப் பார்த்தோம்.

பாரத்தோடு இறங்கும்போது நானும் கூடப் போனேன். அடிவாரத்துக் காரவள்ளியில் நிறுத்தியதும் வண்டிக்காரர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போனார். நான் அடியில் புகுந்து யூனியன்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினேன். தூசிதான் ஒட்டியது.