ஷோமோலுவிலிருந்து ஏழு ஒலிம்பிக்ஸ்

ஜூலை 23, 2021, வெள்ளி

டோக்கியோ தொடக்க விழா நம்ம நேரத்துக்குச் சாயங்காலம் நாலரைக்கு. ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் அணிகள் கையசைத்துக்கொண்டே போவதைப் பார்க்க என்னவோபோல இருந்தது. நைஜீரியா வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொடி பிடித்த இருவரில் ஒருவர் நம்ம டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர், நைஜீரியாவின் குவாத்ரி அருணா. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் அந்தக் கொடி டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரி ஃபுங்கே ஒஷோனைக்கேயின் கையில் இருந்தது.

இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சிந்து, மேரி கோம் பற்றி எழுத ஊரே இருக்கிறது. ஃபுங்கே லாகோஸ் நகரத்து ஷோமோலுவில் பிறந்தவர். வயசு 45. 1996 அட்லாண்டாவில் தொடங்கி, நடுவில் ஒன்றைக்கூட விடாமல் இது ஏழாவது ஒலிம்பிக்ஸ். ஆப்பிரிக்கப் பெண்களில் இதற்கு முன் யாரும் ஏழைத் தொட்டதில்லை. மொசாம்பிக்கின் ஓட்டக்காரி மரியா முடோலாவே ஆறோடு நின்றுவிட்டார். ஆண்களில் ரியோவில் ஏழை எட்டிய செகுன் டோரியோலாவும் நைஜீரியர்தான், அவரும் டேபிள் டென்னிஸ்தான். அந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறதோ!

ஜூலை 24, சனி

முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார். எதிரே அமெரிக்காவின் லியு ஜுவான். பெயரைப் பார்த்தாலே தெரியும், சீனாவில் பிறந்து அங்கேயே ஆடிப் பழகியவர்.

எங்கள் கிளப்பில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி ராத்திரி வாட்ஸ்ஆப்பில் பிடித்துக்கொண்டாள். "சார், ஏழு ஒலிம்பிக்ஸ்ல மெடல் எத்தனை?" ஒன்றும் இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு சார் இவ்ளோ பில்டப்?"

நியாயமான கேள்வி. உடனே பதில் போடவில்லை.

ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு இரண்டு பேர்தான் என்பது விதி. சீனாவில் மூணாவது, பத்தாவது இடத்தில் இருக்கிற ஆட்டக்காரிக்கு அந்த நாட்டுச் சட்டையில் ஒலிம்பிக்ஸ் கனவுதான். அதனால் பலர் வேறு நாட்டுக்குப் போய் ஆடுகிறார்கள். இன்றைக்கு 12 வயசு சிரியச் சிறுமி ஹெண்ட் ஸாஸாவைத் தோற்கடித்த ஆஸ்திரியாவின் லியு ஜியா அப்படித்தான், அவருக்கு இது ஆறாவது ஒலிம்பிக்ஸ். லக்ஸம்பர்க்கின் 58 வயசு நி ஷியாலியன் 1983-லேயே சீனாவுக்காக உலக சாம்பியன் அணியில் ஆடியவர். எந்த நாட்டுக் கொடியைப் பார்த்தாலும் பின்னால் சீனப் பயிற்சிக்கூடம் நிற்கிறது. லாகோஸில் தெருவில் மேஜை போட்டு ஆடும் வழக்கம் உண்டு. அந்த ஊரிலிருந்து வருகிறவருக்கு முதல் சுற்றிலேயே இப்படி ஒருவர் வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

ஜூலை 25, ஞாயிறு

காலையில் மேஜை டிராயரைக் குடைந்தேன். பழைய 38 மில்லிமீட்டர் பந்து ஒன்று, ஒரு பக்கம் குழி விழுந்து கிடந்தது. சுடுதண்ணீரில் போட்டேன். உருண்டு உருண்டு மெல்லக் குழி நிமிர்ந்தது. செல்லுலாய்டு பந்துக்கு அந்தக் காலத்து வைத்தியம்.

அதை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன், பாதிப் பேருக்குத்தான் அனுமதி. அந்தப் பெண் வந்திருந்தாள். "21 பாயின்ட் கேம், ஆளுக்கு அஞ்சு சர்வீஸ்" என்றதும் முகம் சுளித்தாள். பழைய சர்வீஸையும் போட்டுக் காட்டினேன். இடது கையை மடக்கி மார்புக்கு முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் பந்தைத் தொடுவது. மட்டை எந்தப் பக்கமாக உரசுகிறது என்று எதிராளிக்குத் தெரியாது. டாப் ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும் பந்து) என்று நினைத்து மட்டையைச் சாய்த்தாள், பந்து நெட்டில் விழுந்தது. திரும்ப ஒன்று, திரும்பவும் நெட். "இது சீட்டிங் சார்!" 2002 வரை இது சட்டப்படி சரி என்றேன்.

ஃபுங்கே ஆடிய முதல் இரண்டு ஒலிம்பிக்ஸும் இந்த ஆட்டம்தான். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு பந்து 40 மில்லிமீட்டர் ஆனது. சுழற்சி குறைந்தது, ராலி நீண்டது. அடுத்த வருஷம் ஒரு கேமுக்கு 21 பாயின்ட் போய் 11 வந்தது. முன்பெல்லாம் 5-12 என்று பின்தங்கினாலும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரலாம், இப்போது ரெண்டு சர்வீஸ் சொதப்பினால் கேமே கை நழுவும். அதற்கடுத்த வருஷம் மறைத்துப் போடும் சர்வீஸுக்குத் தடை. ஏதென்ஸில் அவர் ஆடியது கிட்டத்தட்ட வேறொரு விளையாட்டு.

அதோடும் விடவில்லை. பெய்ஜிங் முடிந்ததும், 2008 செப்டம்பரில், ஸ்பீடு க்ளூவுக்குத் தடை. ஆட்டத்துக்கு முன்னால் ரப்பரை உரித்து, அந்தக் காட்டமான பசையைத் தடவித் திரும்ப ஒட்டுவோம். உள்ளே ஸ்பாஞ்ச் உப்பி, பந்து 'டிக்' என்று பாயும். ஹாலே நெடியடிக்கும், தலைவலிக்கும். உடம்புக்கு ஆகாது என்று நிறுத்தினார்கள், அது சரிதான். ஆனால் அந்த வேகத்தை நம்பி ஃபோர்ஹேண்டை வளர்த்தவர்களெல்லாம் கையைத் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது. 2014-இல் செல்லுலாய்டும் போய் பிளாஸ்டிக் பந்து. இந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கொரோனாவால், கை வியர்த்தால் நெட் ஓரமாக மேஜையில் துடைக்கக்கூடாது என்றிருக்கிறார்கள். எனக்கெல்லாம் அது ஒவ்வொரு பாயின்டுக்கும் கை தானாகப் போகும் இடம்.

ஒவ்வொரு மாற்றத்திலும் என் வயசுக்காரர்களில் சிலர் மட்டையை மூட்டை கட்டினார்கள். ஃபுங்கே ஹாம்பர்க்கில் குடியிருந்து, ஜெர்மன் லீக்கில் ஆடி, பிள்ளைகளை வளர்த்து, ஒவ்வொரு தடவையும் கையைப் புதிதாகப் பழக்கிக்கொண்டு திரும்ப வந்தார். பில்டப் இதுக்குத்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டாளா தெரியவில்லை. "நைஜீரியாவில போட்டி கம்மியா இருக்கும் சார்" என்றாள்.

ஜூலை 27, செவ்வாய்

நம்ம சரத் கமல் இன்று சீனாவின் மா லாங்கிடம் 1-4 என்று தோற்றார். ரெண்டாவது கேமை 11-8 என்று எடுத்தார். மூன்றாவது 11-13. அதை எடுத்திருந்தால் என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. சென்னைக்காரர், 39 வயசு, நாலாவது ஒலிம்பிக்ஸ், எதிரே நடப்பு சாம்பியன். வாட்ஸ்ஆப் குரூப் முழுக்கக் கைதட்டல், நானும் தட்டினேன்.

சரத்தும் ஜெர்மன் கிளப்களில் ஆடி மெருகேறியவர்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு அவரால் தகுதி பெற முடியவில்லை. ஒரு ஒலிம்பிக்ஸைக்கூட விடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

போட்டி கம்மி என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்காவில் எகிப்துப் பெண்கள் இருக்கிறார்கள். டினா மெஷ்ரெஃபைத் தாண்டி வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஜூலை 29, வியாழன்

மகளிர் ஒற்றையர் இறுதியில் இருவருமே சீனர்கள்: சென் மெங் 4-2 என்று தங்கம், சன் யிங்ஷா வெள்ளி. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இந்தப் போட்டிகளில் எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப்போட்டது திங்கட்கிழமை கலப்பு இரட்டையர். ஜப்பானின் மிசுதானியும் இத்தோவும் சீனாவிடமிருந்து தங்கத்தைப் பிடுங்கினார்களே, அதுதான்.

டோக்கியோதான் கடைசி என்று ஃபுங்கே சொல்லியிருந்தார். நைஜீரியப் பெண்களில் மிச்சமிருக்கும் பெரிய பெயர் ஆஃபியாங் எடெம், அவரும் முப்பதைத் தாண்டியவர். அதே சமயம் எகிப்து 13 வயசு ஹனா கோடாவை வளர்த்து வைத்திருக்கிறது. வீடியோ பார்த்தேன், மேஜையை ஒட்டி நின்று பேக்ஹேண்டில் என்ன அடி! பாரிஸுக்கு மூணு வருஷம்தான் இருக்கிறது. அதற்குள் லாகோஸிலிருந்து ஒரு பெண் வந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆப்பிரிக்காவின் மகளிர் டேபிள் டென்னிஸ் ஒரே நாட்டுக் கதையாகிவிடும்.