ஐப்பசி மழையில நனைஞ்சவனும் பென் நெவிஸும்

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் சங்கத்துலேந்து, சங்க மலருக்கு ஏதாவது எழுதிக்குடுங்கன்னு கேட்டாங்க, மலை ஏறுறத பத்தி எழுதுறேன்னேன், ஃபோன்ல அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணும். நியாயந்தான். மன்னார்குடி பக்கத்து ஆளுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம், எந்தப் பக்கம் திரும்புனாலும் வயலு, வாய்க்கா, அதத் தாண்டுனா இன்னொரு வயலு. நமக்குத் தெரிஞ்ச மலை சுவாமிமலை, அதுவும் கட்டுமலை, அறுபது தமிழ் வருஷத்து பேர்ல அறுபது படி, மூச்சு வாங்குறதுக்குள்ள சன்னதி வந்துரும். கோடியக்கரைல ராமர் பாதம்தான் அந்தக் காட்டுலயே உசந்த இடம், அது ஒரு 4 மீட்டர் இருக்கும். ஸ்கவுட்ல கூட்டிட்டுப் போனப்ப அதுமேல ஏறி நின்னு ஏதோ இமயமலைய புடிச்ச மாதிரி கைய தூக்கிட்டு நின்ன பயலுவ தான நாம.

இப்ப கிளாஸ்கோவுல இருக்கேன், குளிர்காலம் வந்தா லீவு நாள்ல மலைக்குப் போறதுதான் வேலை. ஸ்காட்லாந்துல 3000 அடிக்கு மேல இருக்குற மலைங்களுக்கு மன்ரோன்னு பேரு, மொத்தம் 282 இருக்கு, எல்லாத்தையும் ஏறி முடிச்சுப்புடணும்னு ஒரு கூட்டமே அலையுது. ஊருக்கு வந்தா சித்தப்பா பெரியப்பால்லாம் கேக்குற ஒரே கேள்வி, "அந்தக் குளுர எப்படிடா தாங்குற?" குளுரு ஒரு பிரச்சனையே இல்லீங்க, ஈரம்தான் பிரச்சனை. இத எனக்கு சொல்லிக்குடுத்தது ஸ்காட்லாந்து கிடையாது, நம்ம ஃபிசிக்ஸ் சார்.

லெவன்த் படிக்கும்போதுன்னு ஞாபகம், ஐப்பசி அடைமழை, லீவு விட்டுருவாங்கன்னு ரேடியோவ கேட்டுகிட்டே இருந்து கடைசில விடாம போயி, பாமணி ஆத்தங்கரையோட எதிர்காத்துல சைக்கிள மிதிச்சு கிளாசுக்கு வந்து சேர்ந்தோம், வெள்ளை சட்டை உடம்போட ஒட்டிப்போயி, பல்லு தந்தியடிக்குது. சார் உள்ள வந்து பாத்தாரு, லேப்லேந்து தெர்மாமீட்டர எடுத்தாரச் சொன்னாரு. 24 டிகிரி. "24 டிகிரிக்கு ஏண்டா நடுங்குறீங்க?" ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவரு பேசாம போயி ஃபேன் சுவிட்ச போட்டாரு, அதுவும் அஞ்சாம் நம்பர்ல. நனைஞ்சு வந்த அத்தன பேரும் அய்யோ சார் அம்மா சார்னு கத்துறோம், ஹாஸ்டல்லேந்து கொடை புடிச்சு வந்த ரெண்டு பேரு மட்டும் என்னடா ஆச்சு இவனுவளுக்குன்னு முழிக்குறானுவ. அப்பறம்தான் போர்டுல எழுதுனாரு, ஒரு கிராம் தண்ணி ஆவியாகணும்னா 540 கலோரி வேணும், அது கொதிக்குற தண்ணிக்கு, உடம்பு சூட்டுல இன்னும் கொஞ்சம் கூடத்தான் வேணும், அந்த கலோரிய யாருகிட்டேந்து புடுங்கும்? உங்கிட்டேந்துதான். காத்து அடிச்சா இன்னும் வேகமா புடுங்கும்.

அதோட விடல. ஜன்னலுக்கு வெளில சம்பா வயல்ல களை எடுத்துகிட்டு இருந்தாங்க, கொட்டுற மழைல. ஒவ்வொரு அம்மா தலைலயும் உரச்சாக்கு கொங்காணி. சாக்கோட அடி மூலை ஒண்ண இன்னொண்ணுக்குள்ள சொருகி விட்டா தலைக்கு கூம்பு மாதிரி நிக்கும், மிச்சம் முதுகுல இடுப்புக்கு கீழ வரைக்கும் தொங்கும், குனிஞ்சு வேலை பாக்குறவங்களுக்கு நனையிறது முதுகுதான, அதனால முன்னாடி தொறந்தே கெடக்கும், வேர்வையும் ஆவியும் அந்த வழியா போயிரும். "அவுங்க பள்ளிக்கூடத்துக்கே வந்ததில்லடா, அவுங்களுக்குத் தெரியுது"ன்னாரு சார். இன்னிக்கு இங்க கடைல முன்னூறு பவுண்டுக்கு விக்கிற ஜாக்கெட்டு செய்யிற வேலையும் இதேதான், வெளித்தண்ணிய உள்ள விடாம உள்வேர்வைய வெளில விடணும், நான் அத போடும்போதெல்லாம் உரச்சாக்குன்னுதான் வீட்டுல சொல்றது.

பென் நெவிஸ் பிரிட்டன்லயே பெரிய மலை, 1345 மீட்டர். நம்ம கொடைக்கானல விட சின்னது, சொன்னா சிரிப்பீங்க. ஆனா அடிவாரம் கிட்டத்தட்ட கடல் மட்டத்துல இருக்கு, அதனால முழு ஒசரத்தையும் காலாலதான் ஏறணும். மேல வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல மழையும் பனியும், நம்ம டெல்டாவுல 1200 பேஞ்சாலே வெள்ளம்னு பேப்பர்ல போட்டோ வந்துரும். ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு ஆறரை டிகிரி கொறையும், கீழ 5 டிகிரின்னா உச்சில மைனசு. இதுல மோசமான இடம் உச்சி கிடையாதுங்க. உச்சில காஞ்ச பனி, தட்டி விட்டா போயிரும். நடுவுல 500, 600 மீட்டர்ல மழையும் இல்லாம பனியும் இல்லாம ஸ்லீட்டுன்னு ஒண்ணு ஊத்தும், அதுதான் ஆளக் கொல்லும்.

ஒரு ஜனவரில நம்ம ஸ்கூல் ஜூனியர் ஒரு தம்பி கூட வந்தாப்ல, நீடாமங்கலம் பக்கம், ஜிம்முக்கெல்லாம் போயி உடம்ப கல்லு மாதிரி வச்சிருந்தாரு. மேல நல்ல ஜாக்கெட், உள்ள காட்டன் டீசர்ட், கீழ ஜீன்ஸ். மாத்துங்க தம்பின்னு கீழயே சொன்னேன், பரவால்லண்ணே ஏறுனா சூடாயிரும்னாரு. சூடாச்சு, அதுதான் வெனையே, வேர்த்து டீசர்ட் உள்ளேந்து நனைஞ்சுது, ஸ்லீட்டுல ஜீன்ஸ் வெளிலேந்து நனைஞ்சுது. ரெட் பர்ன்னு ஒரு ஓடை குறுக்க வரும், அங்க நின்னு சாக்லேட் குடுத்தேன். கவர பிரிக்க முடியல அவரால. வெரலு போகுது, புடிக்குது, நழுவுது, திரும்ப போகுது. என்ன தம்பின்னா "ஒண்ணும் இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்"ங்குறாரு, ஆனா வார்த்தை கொழகொழன்னு வருது, அதுக்கு முன்னாடி அரை மணி நேரமா லொடலொடன்னு பேசிகிட்டு வந்த ஆளு.

உடம்போட உள்சூடு 35 டிகிரிக்கு கீழ எறங்குனா அது ஹைப்போதெர்மியா. மொதல்ல கை தடுமாறும், அப்பறம் பேச்சு, அப்பறம் கால், அப்பறம் புத்தி. நடுங்குற வரைக்கும் உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம், ஈரத்தோட நடுக்கம் நின்னு போச்சுன்னா தான் பயப்படணும். இதுல கொடுமை என்னன்னா யாருக்கு வந்துருக்கோ அவங்களுக்குத் தெரியாது, அதனால நல்லாத்தான் இருக்கேன்ங்குறத நான் காதுலயே வாங்கிக்குறதில்ல. நாலஞ்சு பேரு உள்ள உக்காந்து தலைக்கு மேல இழுத்து மூடிக்கிற நைலான் பை ஒண்ணு எப்பவும் கைவசம் இருக்கும், பெரிய அரிசி மூட்டைக்குள்ள புகுந்த மாதிரி, அதுக்குள்ள உக்காத்தி வச்சு டீசர்ட்ட கழட்டி, என் ஸ்பேர் கம்பளி பனியன மாட்டி, பிளாஸ்க்குல இருந்த சுக்கு காப்பிய கருப்பட்டியோட ரெண்டு மூடி குடுத்தேன். பத்து பதினஞ்சு நிமிஷத்துல பேச்சு திரும்புச்சு, திரும்புன உடனே "அண்ணே உச்சிக்கு போயிரலாம்"னாரு. கோவந்தான் வந்துச்சு. எறங்கிட்டோம். டிசம்பர் ஜனவரில இங்க சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டு கட்டிரும், மத்தியானம் இத்தன மணிக்கு எங்க நின்னாலும் திரும்பணும்னு காலைலயே முடிவு பண்ணிட்டுத்தான் வண்டியவிட்டு எறங்குறது.

அப்பறம் ஒரு தடவை போயி உச்சிய பாத்தோம், அது தனி கதை. மேல பெரிய மைதானம் மாதிரி தட்டையா இருக்கும், மேகம் மூடுனா தரையும் வெள்ளை வானமும் வெள்ளை, எது எங்க முடியுதுன்னே தெரியாது. வடக்குப் பக்கம் 600 மீட்டருக்கு மேல செங்குத்தா எறங்குது, வெளிம்புல பனி கூரை மாதிரி நீட்டிகிட்டு இருக்கும், அதுமேல கால வச்சா அவ்ளோதான். தெக்க ஒதுங்கிருவோம்னு அதிகமா ஒதுங்குனா ஃபைவ் ஃபிங்கர் கல்லின்னு இன்னொரு பள்ளம். அதனால உச்சிலேந்து காம்பஸ்ல 231 டிகிரி புடிச்சு 150 மீட்டர், அப்பறம் 282 டிகிரி, இந்த ரெண்டு நம்பரும் இங்க மலைக்குப் போற எல்லாருக்கும் மனப்பாடம். 150 மீட்டர எப்படி அளக்குறது, அடிய எண்ணித்தான். வரப்புல போற மாதிரி கட்டைவிரல ஊனி நடக்குறதும் அங்க ஆவாது, பூட்ஸுக்கு கீழ மாட்டுன க்ராம்பான்ல இருக்குற முள்ளு அத்தனையும் பனில பதியணும், பாதத்த தட்டையா வைக்கணும், கால அகட்டி வைக்கலன்னா ஒரு முள்ளு இன்னொரு கால் பேன்ட்ட கிழிச்சிரும்.

உச்சில ஒரு இடிஞ்ச கட்டடம் நிக்குது, 1883லேந்து 1904 வரைக்கும் அங்கயே தங்கி மணிக்கு மணி வானிலை எழுதுன அப்சர்வேட்டரி. 1894 செப்டம்பர்ல ரெண்டு வாரம் அங்க வேலை பாக்க வந்தவருதான் சி.டி.ஆர். வில்சன், மேகத்துல சூரிய வெளிச்சம் பட்டு வளையம் வளையமா தெரியிறத பாத்து மயங்கிப்போயி, இத லேப்ல செஞ்சு பாக்கணும்னு ஆரம்பிச்சவரு கடைசில வந்து நின்னது கிளவுட் சேம்பர்ல, அதாவது கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள் போற தடத்த மேகக் கோடா காட்டுற பெட்டி, அதுக்கு 1927ல நோபல். பப்ளிக் எக்ஸாமுக்கு வில்சன் முகில் அறை படம் வரைஞ்சு பாகம் குறிச்சோமே, ஞாபகம் இருக்கா? அந்த ஆளோட மேகம் இதுதான்.

ஃபோட்டோ எடுத்து சாருக்கு வாட்ஸாப்ல அனுப்புனேன். ரிட்டயர் ஆயி எவ்வளவு காலம் ஆச்சு, வாழ்த்து சொல்லுவாருன்னு பாத்தா, "அங்க தண்ணி எத்தன டிகிரில கொதிக்கும்?"னு பதில் வருது. 95 கிட்ட சார்னேன். "95.5ன்னு எழுதுனா முழு மார்க்"னு போட்டாரு.

வர்ற குளிர்காலத்துல சங்கத்துலேந்து ஒரு குரூப்பா கிளம்பலாம்னு பேச்சு ஓடுது, மொத தடவையே பென் நெவிஸ் வேணாம், கிளாஸ்கோ பக்கம் சின்னதா ஏதாவது பாப்போம். வர்றவங்க ஜீன்ஸ் காட்டன் பனியன் எல்லாத்தையும் வீட்டுல வச்சிட்டு வாங்க, மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ எது கெடைக்குதோ அது, ஸ்பேர் செட்டு ஒண்ண நல்ல பிளாஸ்டிக் பைல சுத்தி, ரெண்டு ஜோடி கையுறை, ஹெட்டார்ச், விசில். ஆபத்துன்னா நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதணும், ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஆறு. தண்ணி பாட்டில தலைகீழா வைங்க, ஐஸ் மேல்பக்கமாத்தான் கட்டும், மூடி பக்கம் அடைக்காது. க்ராம்பான் வாங்கிராதீங்க, இங்க வாடகைக்கு கெடைக்கும். புளிசாதத்துக்கு நான் பொறுப்பு, சுக்கு காப்பிக்கு யாராவது கருப்பட்டி எடுத்துட்டு வந்தா தேவலாம், எங்கிட்ட தீந்து போச்சு.